பின் சீட்டிலிருந்து வரைந்த கார்

பழவேற்காடு
3-7-1978

அன்புத் தம்பி அப்துல் ஷுக்கூருக்கு அக்கா ஆமினா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் மச்சானும் பரக்கத்தும் நல்லபடியாக இருக்கிறோம். மண்ணடியில் நீயும் உன் வீட்டாரும் சுகம்தானே? முதுகுவலி என்றாயே, எண்ணெய் தேய்க்கிறாயா இல்லையா?

சந்தோஷமான விஷயம். பரக்கத் குர்ஆனில் இருபத்தேழாம் பாகத்தை முடித்துவிட்டாள். இன்னும் மூன்றுதான். நோன்புப் பெருநாள் கழிந்ததும் முழுக்க ஓதி முடித்துவிடுவாள் என்று, அவளுக்கு ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் சொல்கிறார். பத்து வயதில் நம் வீட்டில் யாரும் முடித்ததில்லை, நீ உட்பட.

அதனால் வாப்பாவின் ஆஸ்டின் கார் வேண்டும். ஓதி முடித்த பிள்ளைக்கு மாலை போட்டு, அந்தக் காரில் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றிப் பள்ளிவாசல் வரை கூட்டிப் போவது வாப்பா ஏற்படுத்திய வழக்கம். நீ போனாய். பெரியவாப்பா பிள்ளைகள் போனார்கள். பெண் பிள்ளைகளில் யாரும் போனதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வாப்பா மௌத்தாவதற்கு முந்தைய பெருநாளில் பள்ளிவாசல் முன்னால் நின்று, "என் பேரப்புள்ளைங்க அத்தனையும் இந்தக் கார்லதான் போவும்"னு எல்லோர் காதிலும் விழச் சொன்னாரே. பரக்கத்தும் பேரப்பிள்ளைதானே.

பழைய வீட்டுச் சாவியும் கார் ஷெட்டுச் சாவியும் உன்னிடம் இருக்கின்றன. ஒரு நடை வந்து, ஒரு மெக்கானிக்கை வைத்து ஓடும்படி செய்து கொடு. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் துஆ.
ஆமினா பீவி


சென்னை-1
29-7-1978

மரியாதைக்குரிய அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். முதுகுவலி பரவாயில்லை. கடையில் சரக்கு வந்து இறங்கிய நேரம், அதனால்தான் பதில் தாமதம். மச்சானுக்கு இருமல் நின்றதா?

பரக்கத் ஓதுவது பற்றி மிகவும் சந்தோஷம். கார் விஷயமாக நிறைய யோசித்தேன். பெண் பிள்ளைக்கு மாலை போட்டு, நாலு பேர் பார்க்கக் காரில் தெருச் சுற்றுவது நம் மார்க்கத்துக்குப் பொருந்தாத காரியம். வாப்பா ஏதோ பாசத்தில் சொல்லியிருப்பார். நாம்தான் அறிந்து நடக்க வேண்டும். வீட்டோடு மௌலூது ஓதிச் சர்க்கரை கொடுத்தால் போதும். அவளுக்குப் பட்டுத் துணி அனுப்புகிறேன்.

ஷெட்டைத் திறக்க முயற்சி செய்ய வேண்டாம். பாம்பு அடைந்திருக்கும்.

உங்கள் தம்பி
அப்துல் ஷுக்கூர்


பழவேற்காடு
4-8-1978

தம்பி ஷுக்கூருக்கு ஸலாம்.

மச்சானுக்கு இருமல் நின்றது. எனக்குத்தான் நெஞ்சு எரிகிறது.

உன் கடிதத்தைத் தபால்காரர் பரக்கத்தின் கையில் கொடுத்தார். அவள் வாசலில் நின்றபடியே பிரித்து, எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று எனக்கு வாசித்துக் காட்டினாள். உன் கையெழுத்து அவ்வளவு தெளிவு. வாசித்து முடித்ததும் உள்ளே போய்க் குர்ஆனை உறையில் போட்டு, ரெஹால் பலகையை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "பொண்ணுக்கு ஆகாதாமே. அப்புறம் நான் இன்னாத்துக்கு ஓதி முடிக்கணும்?"னாள். "காருக்காகவாடி ஓதின?"னு அதட்டினேன். "நீ மாமாவ கேளு"ன்னு போய்விட்டாள். அன்றிலிருந்து ஓதவில்லை.

காருக்காக ஓதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையைத் தள்ளி வைத்தால், காரிலிருந்து மட்டும்தான் தள்ளி வைத்தார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

மச்சானை ஹஜ்ரத்திடம் அனுப்பிக் கேட்டேன். அவர் சொன்னது இது: "காரில் போறது கடமையும் இல்ல, குத்தமும் இல்ல. பத்து வயசுப் பையனுக்கு ஆகும்னா பத்து வயசுப் பொண்ணுக்கும் ஆகும். எந்தக் கித்தாபுல தடை இருக்குதுன்னு உங்க மச்சினன எனக்கு எழுதச் சொல்லுங்க, நானும் படிச்சுக்கறேன்." எழுதுகிறாயா?

உன் கார் வேண்டாம். அதே கார் மாதிரி சின்னதாக ஒன்று நானே செய்விக்கப் போகிறேன். பரக்கத் உட்கார்ந்து திருப்புவாள், பெரியவர்கள் பின்னால் இருந்து தள்ளுவார்கள். ஒரே ஒரு உதவி. அந்தக் காரில் நான் போனதெல்லாம் பின் சீட்டில், பச்சைத் திரைக்கு உள்ளே. நீதான் எப்போதும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். முன் சக்கரம் எப்படித் திரும்புகிறது? அச்சு முழுவதும் திரும்புமா, சக்கரங்கள் மட்டும் திரும்புமா? படம் போட்டு அனுப்பு.

நோன்பு பிறக்கப் போகிறது. உன் வீட்டில் யாருக்கும் குறை வராமல் அல்லாஹ் காக்கட்டும்.
ஆமினா பீவி


சென்னை-1
11-9-1978

அக்காவுக்கு ஸலாம். பெருநாள் வாழ்த்து. எல்லோரும் நலம்.

பொம்மைக் கார் செய்து பெண் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளினால் ஊர் சிரிக்கும். மச்சானுக்கு இது சம்மதமா என்று முதலில் கேளுங்கள். சக்கரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பட்டுத் துணி கிடைத்ததா?

அப்துல் ஷுக்கூர்


பழவேற்காடு
20-9-1978

தம்பிக்கு ஸலாம். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்.

பட்டுத் துணி கிடைத்தது. அலமாரியில் இருக்கிறது. பரக்கத் தொடவில்லை.

ஊர் சிரிப்பது இருக்கட்டும். மச்சான்தான் முதலில் சிரித்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் காரை வரைந்துகொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "இது காரா, பிரியாணி தேக்சாவா?"ன்னார். மறுநாள் அவரே அளவு பிடிக்கச் சாண் போட்டுக் காட்டினார்.

என் படத்தில் பின்பக்கம் எல்லாம் இருக்கிறது. வளைந்த மட்கார்டு, ஏறுகிற பலகை, பின்னால் வார் போட்டுக் கட்டிய ஸ்டெப்னி, முட்டை வடிவத்தில் சின்னக் கண்ணாடி, திரைக்கம்பி. கண்ணை மூடினாலும் வரைவேன். முன்பக்கம் வெறும் தாள். திரை விலகிய இடைவெளியில் டிரைவரின் பிடரியும் ஸ்டியரிங்கின் ஒரு ஓரமும் தெரியும், அவ்வளவுதான் நான் கண்டது. வெளியே இறங்கி நின்று முகம் பார்த்திருக்கிறேன். இரண்டு உருண்டை விளக்கும் நீண்ட மூக்கும். அதன் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு யார் காட்டினார்கள்?

செய்வது கோட்டைக்குப்பம் தருமலிங்கம், படகு கட்டுகிறவர். படகுப் பலகையை நெருப்பில் காட்டி வளைப்பது போலவே மட்கார்டுப் பலகையை வளைத்துவிட்டார். அச்சு அசல். மூக்குக்கு எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டி அடித்திருக்கிறோம். விளக்குக்கு இரண்டு அலுமினியக் கிண்ணம். ஸ்டியரிங்குக்கு என் மாவுச் சல்லடையின் வளையம். சக்கரத்தை மச்சான் பொன்னேரி சைக்கிள் கடையில் வாங்கி வந்தார். குழந்தை சைக்கிள் சக்கரம், கம்பி போட்டது, வாப்பா காருக்கு இருந்ததைப் போலவே. நிறத்துக்குப் படகின் அடியில் பூசுகிற தார். தருமலிங்கம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தண்ணி மட்டும்தாம்மா இல்ல, மத்தபடி படகுதான் இது"ன்னார்.

இனி சக்கரம் திரும்புகிற வேலை ஒன்றுதான் பாக்கி. தினமும் அவர் கேட்கிறார், "தம்பி எழுதிச்சாம்மா?" என்ன சொல்லட்டும்?

ஆமினா பீவி


பழவேற்காடு
3-11-1978

ஷுக்கூருக்கு.

ஸலாமை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. உன் மேல் சாந்தி உண்டாகட்டும். உன் உடல்நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் பதிலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். வரவில்லை. மழை வலுப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று தருமலிங்கம் தனக்குத் தெரிந்தபடி செய்துவிட்டார். "திருப்புறது எப்பவும் பின்னாலதாம்மா. எந்தப் படகுல சுக்கான முன்னால வெச்சிக்கிறாங்க?"ன்னார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சல்லடை வளையத்திலிருந்து இரண்டு கயிறு, சீட்டுக்கு அடியில் ஓடிப் பின் அச்சில் முடிச்சு. பின் சக்கரங்கள்தான் திரும்பும்.

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் பரக்கத்தை உட்கார வைத்து மச்சான் தள்ளினார். நேராகப் போகிறவரைக்கும் அழகாகப் போனது. மீன் கடைத் திருப்பத்தில் வளையத்தைத் திருப்பினாள். மூக்கு கொஞ்சம்தான் அசைந்தது. பின்பக்கம் தெருவையே பெருக்கியது. தள்ளிய மச்சானையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தி, முனியம்மாளின் இறால் கூடையைக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றது. முனியம்மாள் சேற்றிலிருந்து இறாலைப் பொறுக்கிக்கொண்டே, "ஏம்மே, முன்னால போவுதேன்னு பாத்துகினு இருந்தா வாலால அடிக்குது. நீங்க செஞ்சிக்கிறது காரா, முதலையா?"ன்னாள். தெரு சிரித்தது. நீ சொன்னபடியே சிரித்தது. சந்தோஷமா?

மச்சானுக்கு முழங்கை வீங்கிவிட்டது. நான் அன்று மாலையே தருமலிங்கத்தை அழைத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன். நீ எழுதாவிட்டால் என்ன, காரே காட்டுமே என்றுதான். ஷெட்டின் பூட்டை அவர் உளியால் நெம்பினார். பாம்பு எதுவும் இல்லை.

காரில் முன்பாதியே இல்லை. என்ஜின் இல்லை. சக்கரம் இல்லை. விளக்கு இல்லை. ஸ்டியரிங் இல்லை. மிச்சம் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின் சீட்டும் பச்சைத் திரையும் அப்படியே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த பாதியை மட்டும் எனக்கு விட்டு வைத்திருக்கிறாய். ரொம்ப நன்றி.

"லாரி வந்து ஏத்திகினு போச்சேம்மா, ரெண்டு வருசம் இருக்கும். ரிப்பேருக்குன்னு தம்பி சொல்லிச்சே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு தருமலிங்கம் கேட்கிறார். வேற்று மனிதர் முன்னால் நான் தெரியாது என்று தலையாட்ட வேண்டியிருந்தது.

நீ விற்றதற்காக எனக்குக் கோபம் இல்லை. கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே சம்மதித்திருப்பேன். ஷுக்கூர், நான் ஐந்து வேளை முன்னோக்கித் தலை தாழ்த்துகிற மார்க்கத்தை எடுத்து உன் ஷெட்டுக்குக் கதவாக மாட்டினாயே, அதற்குத்தான். கார் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, அல்லாஹ் வேண்டாம் என்கிறான் என்று எழுதினாய். அதை ஒரு குழந்தை வாசித்தது.

சக்கரத்துக்குச் செய்தது போல இதற்கும் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளாதே.
ஆமினா பீவி


சென்னை-1
25-11-1978

மரியாதைக்குரிய அக்காவுக்கு ஸலாம்.

மச்சானின் முழங்கை எப்படி இருக்கிறது? வேளைக்கு மருந்து சாப்பிடச் சொல்லுங்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

வாப்பா மௌத்தான வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது. புதுப்பேட்டை ஆள் ஒருவன் வந்து கேட்டான். கொஞ்ச நாளில் திரும்ப வாங்கிப் பூட்டிவிடலாம் என்றுதான் பின்பாதியைக் கொடுக்காமல் வைத்தேன். முடியவில்லை. உங்களிடம் சொல்ல ஒவ்வொரு பெருநாளும் நினைத்தேன்.

மார்க்கம் என்று எழுதியது அந்த நேரத்தில் பேனாவில் வந்துவிட்டது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். இது தெருவுக்குத் தெரியக் கூடாது. ஊர் ஜமாஅத் நிர்வாகத்துக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ரபியுல் அவ்வல் மாதம் முடிவு செய்யப் போகிறார்கள். வாப்பா எல்லோர் முன்னாலும் சொன்ன காரை நான் விற்றேன் என்று வெளியே வந்தால் என் தலை நிமிராது. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஷுக்கூர்


பழவேற்காடு
5-12-1978

தம்பிக்கு ஸலாம்.

மச்சானின் கை தேறிவிட்டது. இப்போது வலது கையால் சாப்பிடுகிறார், இடது கையால் என்னை அடக்கிப் பேசச் சொல்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். தருமலிங்கத்தையும் கேட்டுக்கொண்டேன், அவர் பேசுகிற ஆள் இல்லை. உன்னை நிர்வாகத்துக்கு எடுக்கட்டும், எடுக்காமல் போகட்டும், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அல்லாஹ்வின் பேரில் சொல்கிறேன்.

ஆனால் உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. ஷெட்டுக்கு நாங்கள் போனபோது பரக்கத்தும் வந்திருந்தாள். செங்கல் மேல் நின்ற காரை ரொம்ப நேரம் பார்த்தாள். "மாமா அப்படி எழுதினது இதுக்காவாம்மா?"ன்னாள். ஆமாம் என்றேன். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் என் கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்று ஒப்புக்கொள்ள வைத்தாய். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாற்காலி போட்டு ஏறி ரெஹாலைத் தானே இறக்கினாள். இப்போது விட்ட இடத்திலிருந்து ஓதுகிறாள். உன் பொய் உடைந்ததால்தான் ஓதுகிறாள், புரிகிறதா?

எனக்கு உன் வருத்தம் வேண்டாம். பரக்கத்துக்கு எழுது. பெண் பிள்ளைக்கு ஆகாது என்று எழுதியது பொய், என்னை மன்னித்துக்கொள் என்று ஒரே வரி. பெரியவன் சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் குறைந்துபோக மாட்டான். பேனாவில் தானாக வந்ததைப் பேனாவே திருப்பி எடுக்கட்டும்.

உன் வீட்டாருக்கு என் துஆவில் குறை வைக்கவில்லை.
ஆமினா பீவி


சென்னை-1
9-1-1979

அன்பு மருமகள் பரக்கத்துக்கு மாமாவின் ஸலாம்.

படிப்பு, ஓதல் எல்லாம் நல்லபடி நடக்கிறதா? உன் கார் பற்றி உம்மா எழுதினார்கள். முன் அச்சு அசையக் கூடாது, அதன் இரண்டு நுனியிலும் சக்கரம் மட்டும் கீல் போல் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பியால் சேர்த்துக் கட்டினால் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். ஸ்டியரிங் தண்டு அந்தக் கம்பியைத் தள்ளும், இழுக்கும். படம் மூன்று போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அளவும் குறித்திருக்கிறேன். வேண்டாம் என்றால் வெள்ளை அம்பாசடர் டாக்ஸி ஒன்றை அன்றைக்கு முழுக்க ஏற்பாடு செய்து அனுப்புகிறேன். அதில் போனால் இன்னும் கௌரவமாக இருக்கும்.

பெரியவர்கள் ஏதாவது எழுதியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே.

அன்பு மாமா
ஷுக்கூர்


பழவேற்காடு
12-2-1979

தம்பி அப்துல் ஷுக்கூருக்கு ஸலாம்.

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீ இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

உன் படங்கள் வந்தன. பரக்கத் மூன்றையும் தரையில் பரப்பிப் பார்த்தாள். "சக்கரத்தைப் பத்தி மாமா நல்லா எழுதிக்கிறாங்க"ன்னாள். கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மடித்து என்னிடம் கொடுத்துவிட்டாள். தருமலிங்கம் முன்னால் மாற்றித் தருகிறேன் என்றார். அவள் விடவில்லை. அதற்குள் அவளுக்குக் கை பழகிவிட்டது. வால் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, திருப்பத்துக்கு முன்பே வளைக்கிறாள். டாக்ஸியும் வேண்டாம் என்றாள்.

முந்தாநாள் கடைசி சூராவை ஹஜ்ரத் முன்னிலையில் ஓதி முடித்தாள். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு மாலை போட்டு உட்கார வைத்தோம். மச்சானும் தருமலிங்கமும் தள்ளினார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் நடந்தோம். தெரு முழுக்க வாசலில் நின்றது. மீன் கடைத் திருப்பத்தில் முனியம்மாள் தன் கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வால் வருது, வழி விடுங்க, வால் வருது"ன்னு கூவினாள். வால் யார் மேலும் படவில்லை.

பள்ளிவாசல் முன்னால் நிர்வாகிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ஹஜ்ரத் துஆ ஓதினார். அப்போது நிர்வாகிகளில் மூத்தவர் குனிந்து கிண்ண விளக்கைத் தட்டிப் பார்த்துச் சிரித்து, "அச்சா அப்படியே கீதேம்மா. ஆமா, உங்க தாதா காரு இன்னாச்சி? அதையே எடுத்தாந்து இருக்கலாமே?"ன்னு கேட்டார். பரக்கத்தைத்தான் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் உனக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். ஆனால் சற்று முன் அல்லாஹ்வின் வேதத்தை முழுக்க ஓதி முடித்த பிள்ளையிடம், பொய் சொல் என்று நான் கண்ணால்கூடக் காட்டவில்லை.

"தாதா இல்ல, உம்மாவோட வாப்பா, நன்னா காரு. அதுல முன்னால ஒண்ணும் இல்ல"ன்னாள். "மாமா வித்துட்டாங்க. அதச் சொல்லாம, பொண்ணுக்கு ஆகாதுன்னு எங்களுக்கு எழுதினாங்க. அது பொய்." கத்தவில்லை, அழவில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

பெரியவர் விளக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அப்புறம்?"னு ஹஜ்ரத் மெதுவாகக் கேட்டார். "அப்புறம் மாமா இன்னா சொன்னாங்க?" அவள் யோசித்தாள். நல்லவிதமாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று உண்மையிலேயே தேடினாள் தம்பி, அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சக்கரம் எப்படித் திரும்பும்னு எழுதினாங்க"ன்னாள்.

நான் கேட்ட அந்த ஒரு வரியை நீ எழுதியிருந்தால், மாமா மன்னிப்புக் கேட்டாங்க என்று அத்தனை பேர் முன்னாலும் அவள் வாயாலேயே வந்திருக்கும். சொல்வதற்கு நீ அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை.

நிர்வாகத்துக்குப் பெயர் எடுப்பது வருகிற வெள்ளிக்கிழமை. நீ வருவாயா என்று மச்சான் கேட்கிறார். வந்தால் உனக்கும் சேர்த்து உலை வைப்பேன். பரக்கத் உன்னோடு பேசுவாளா என்பதை அவளிடம்தான் நீ கேட்க வேண்டும்.

ஆமினா பீவி